ஜெஃப்ரி ஆம்ஸ்ஹவுஸ், ஷோர்டிச்: கட்டடத்தைப் பத்தி எல்லாரும் கேக்குற கேள்விகள்

லண்டனுக்கு சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ் யார் வந்தாலும் டவர் பிரிட்ஜ் எல்லாம் காட்டி முடிச்சப்புறம் நான் கண்டிப்பா கூட்டிட்டுப் போற இடம் ஒண்ணு இருக்கு, கிழக்கு லண்டன் ஷோர்டிச்ல இருக்குற ஜெஃப்ரி ஆம்ஸ்ஹவுஸ். 1714-ல வயசான ஏழைங்களுக்காக கட்டின வீட்டு வரிசை, இப்போ மியூசியமா இருக்கு. ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட அதே கேள்விகள்தான் வருது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன். கேள்விகளை அவங்கவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

ஆம்ஸ்ஹவுஸ்னா என்னங்க? நம்ம ஊர் சத்திரம் மாதிரியா, இல்ல முதியோர் இல்லமா?

ரெண்டும் இல்ல. சத்திரம்னா வழிப்போக்கருக்கு, ஒரு ராத்திரி தங்கிட்டு கிளம்பிடுவாங்க. இது சாகுற வரைக்கும் இருக்கலாம்னு குடுக்குற வீடு. முதியோர் இல்லம்னா பொதுவா ஒரே கிச்சன், ஒரே டைனிங் ஹால், பாத்துக்க ஆளுங்க இருப்பாங்க. இங்க அப்படி கிடையாது, ஆளுக்கு ஒரு கதவு, ஒரு அடுப்பு, சாவி உங்க கையில. யாரோ ஒரு பணக்காரர் உயில்ல எழுதி வச்ச காசுல, ஒரு அறக்கட்டளை நடத்தும். தர்ம வீடுன்னு வேணா தமிழ்ல சொல்லிக்கலாம்.

உச்சரிப்பையும் சொல்லிடறேன், எழுதுறப்ப நடுவுல ஒரு எல் எழுத்து வரும், அதைச் சொல்லக்கூடாது. ஆம்ஸ்தான்.

எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்? முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னே புரியலையே?

ஓவர்கிரவுண்ட் ட்ரெயின்ல ஹாக்ஸ்டன் ஸ்டேஷன். இறங்கினா எதிர்லயே மியூசியம் வாசல் இருக்கும், ஆனா அது கட்டடத்தோட முதுகுப் பக்கம். நேரா உள்ள போயிடாதீங்க, தயவு செஞ்சு கிங்ஸ்லேண்ட் ரோடு பக்கம் சுத்தி வந்து வேலி ஓரமா நின்னு ஒரு தடவை முழுசா பாத்துட்டு அப்புறம் போங்க. ரோமானியர் காலத்துல லண்டன்லேர்ந்து வடக்கே போன பாதை இந்த ரோடு, கட்டடம் அதைப் பாத்துதான் நிக்குது. முகப்பு மேற்கு பாத்தது, அதனால சாயங்கால வெயில் செங்கல் மேல விழறப்ப போனீங்கன்னா ரொம்ப நல்லா இருக்கும்.

இதைக் கட்டினது யாரு? அந்த ஜெஃப்ரிங்கறவர் ராஜாவா?

ராஜா இல்ல, வியாபாரி. சர் ராபர்ட் ஜெஃப்ரி, 1613-ல கார்ன்வால்ல லேண்ட்ரேக்ங்கற ஊர்ல பிறந்தவர், லண்டனுக்கு வந்து வியாபாரத்துல பெரிய ஆளாகி 1685-ல லண்டன் மேயரா ஆனார். ஐயன்மங்கர்ஸ் கம்பெனின்னு இரும்பு வியாபாரிகளோட பழைய சங்கம் ஒண்ணு, அதுக்கு ரெண்டு தடவை தலைவரா இருந்தவர். 1704-ல இறந்தப்ப பிள்ளைங்க கிடையாது, மத்தவங்களுக்கு எழுதி வச்சது போக மிச்ச சொத்தை ஏழைங்களுக்கு வீடு கட்டணும்னு எழுதிட்டுப் போயிட்டார். இடம் வாங்கி, கட்டி முடிச்சது எல்லாம் அந்த சங்கம்தான். அப்போ இந்த ஏரியா ஊருக்கு வெளிய, சுத்தி தோட்டமும் வயலும்தான், நிலம் மலிவு. அவருக்குக் காசு எங்கேர்ந்து வந்ததுங்கறது தனிக் கதை, கடைசிக்குக் கிட்ட ஒருத்தர் கேட்ட கேள்வில சொல்றேன்.

ஆர்கிடெக்ட் கிறிஸ்டோபர் ரென்தானே? செயின்ட் பால்ஸ் கட்டினவர்?

இல்லைங்க. 1700-ஐ ஒட்டி லண்டன்ல அழகா ஒரு செங்கல் கட்டடம் பாத்தா உடனே ரென் பேரைச் சொல்ற பழக்கம் ரொம்ப நாளா இருக்கு. இந்த மாதிரி வேலையை எல்லாம் அந்தக் காலத்துல தச்சு மேஸ்திரியும் கொத்து மேஸ்திரியும் சேர்ந்தே டிசைன் பண்ணி கட்டிடுவாங்க, ஆர்கிடெக்ட்ங்கற தனித் தொழில் இன்னும் கெட்டிப்படாத காலம்.

ஆனா ரென் பேரு வர்றதுல ஒரு நியாயம் இருக்கு. 1682-ல ரெண்டாம் சார்லஸ் ராஜா வயசான சிப்பாய்களுக்காக செல்சீல ராயல் ஹாஸ்பிடல் ஆரம்பிச்சார், அதை டிசைன் பண்ணது ரென். மூணு பக்கம் செங்கல் கட்டடம், நாலாவது பக்கம் திறந்து விட்டது, நடுவுல சேப்பலும் (அங்கேயே இருக்குற சின்ன தேவாலயம்) ஹாலும். அதைப் பாத்தப்புறம் லண்டன்ல தர்மக் கட்டடம்னாலே மனசுல வர்ற உருவம் அதுவாயிடுச்சு. ஜெஃப்ரியோட வீடுகள் அந்த உருவத்தோட சின்னக் குழந்தைன்னு நான் நினைக்கிறேன்.

ப வடிவத்துல ஏன் கட்டினாங்க? நேரா ஒரே வரிசையா கட்டியிருந்தா செலவு கம்மி ஆகியிருக்குமே?

ஆகியிருக்கும். ஆனா ப வடிவத்துல மூணு காரியம் ஒண்ணா நடக்குது. நடுவுல ஒரு பெரிய தோட்டம் கிடைக்குது, யாரு கதவைத் திறந்தாலும் அந்தப் பச்சைதான் கண்ல படும். எல்லா கதவும் ஒரே முற்றத்தைப் பாக்குறதால பக்கத்து வீட்டு ஆள் ரெண்டு நாளா வெளிய வரலைன்னா உடனே தெரிஞ்சிடும், வயசானவங்களுக்கு இதைவிட பெரிய பாதுகாப்பு வேற என்ன. மூணாவது ரோட்ல போறவங்களுக்கு, ரெண்டு கையையும் விரிச்சு வாங்கன்னு கூப்பிடற மாதிரி ஒரு தோற்றம் வருது, காசு குடுத்தவரோட பெருமையும் அதுலயே தெரிஞ்சிடுது.

கண்காணிப்பும் அதுலயே இருக்குங்கறதை மறைக்க வேண்டாம். முற்றத்தைத் தாண்டாம யாரும் வெளிய போகவும் முடியாது உள்ள வரவும் முடியாது. அந்தக் கால ஆம்ஸ்ஹவுஸ் எல்லாத்துலயும் ஒழுங்குக்கு கண்டிப்பான விதிகள் உண்டு, அதைக் காப்பாத்தறதுக்கு கட்டடமும் துணை நின்னுது.

வெளிய பாத்தா ஜமீன் பங்களா மாதிரி இருக்கே, நிஜமாவே ஏழைங்களுக்கா?

என்கிட்ட அதிகமா கேக்கப்பட்ட கேள்வி இதுதான், இந்தக் கட்டடம் எனக்கு இவ்ளோ பிடிக்கிறதுக்கும் இதுவே காரணம். நிஜமாவே ஏழைங்களுக்குத்தான். மொத்தம் 14 வீடு, சேப்பலுக்கு இந்தப் பக்கம் ஏழு அந்தப் பக்கம் ஏழு. ஒவ்வொரு வீட்லயும் நாலு ரூம், ஆனா ஒரு வீடு ஒரு குடும்பத்துக்குன்னு நினைச்சுடாதீங்க, ஒரு ரூம் ஒரு ஆளுக்கு. சுமார் 50 பேர் இருந்தாங்க. வருஷத்துக்கு 6 பவுண்டு பென்ஷன், அங்கி எடுக்க 15 ஷில்லிங்.

அதாவது ஒரு ஆளுக்குக் கிடைச்சது ஒரே ஒரு ரூம், ஆனா அத்தனை ரூமையும் ஒரே கூரைக்கு அடியில, ஒரே அளவு ஜன்னல், ஒரே நீளத்துக்கு ஓடுற கார்னிஸ் (சுவர் உச்சில துருத்தி ஓடுற விளிம்பு), நடுவுல முக்கோண முகடுன்னு கோத்துட்டாங்க. தனித்தனியா கட்டியிருந்தா 14 குடிசை வீடு. சேர்த்துக் கட்டினதால மாளிகை. செங்கலும் மரமும் சாதாரணம்தான், தங்க முலாம், பளிங்கு எதுவும் கிடையாது, கவுரவம் முழுக்க ஒழுங்குலேர்ந்தும் அளவுலேர்ந்தும்தான் வருது. கிழவி ஒருத்தி சந்தைக்குப் போயிட்டு திரும்பி வர்றப்ப இந்த முகப்பு வழியாத்தான் தன் ரூமுக்குப் போயிருப்பா, அதை நினைச்சுப் பாக்கறப்ப எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு நிறைஞ்சு போகும்.

ஒரு வீட்டுக்குள்ள போனா எப்படி இருக்கும்? படி எங்க, ரூம் எங்க?

கதவைத் திறந்தா நடை, படிக்கட்டு. கீழ ரெண்டு ரூம், மேல ரெண்டு ரூம். அடியில ஒரு பேஸ்மென்ட், கூரைக்குள்ள ஒரு பரண் மாடி, வெளியேர்ந்து பாக்கறப்ப ஓட்டுக் கூரைல துருத்திட்டு நிக்குற குட்டி ஜன்னல் எல்லாம் அந்த மாடிக்குத்தான். ரூம் நம்ம ஃப்ளாட்ல ஒரு பெட்ரூம் சைஸ்னு வச்சுக்கோங்க. கட்டில், ஒரு மேஜை, நாற்காலி, பெட்டி, எல்லாமே அதுக்குள்ளயே. கணப்பு அடுப்பு ஒண்ணு, அதுலயே குளிர் காயணும், அதுலயே கெட்டில் வைக்கணும், அதுலயே சமைக்கணும். கக்கூஸ் வீட்டுக்குள்ள கிடையாது, அந்தக் காலத்துல இந்த மாதிரி எந்த வீட்லயும் கிடையாது.

இதை நேர்ல பாக்கலாம். 14-ம் நம்பர் வீட்டை மட்டும் பழையபடியே சீர் பண்ணி 2002-ல திறந்தாங்க, ஒரு ரூம் 1780-கள்ல இருந்த மாதிரி, இன்னொண்ணு 1880-கள்ல இருந்த மாதிரி. நூறு வருஷ வித்தியாசத்துல ரூம் அதேதான், உள்ள இருக்குற சாமான் மட்டும் மாறியிருக்கும். அந்த வீட்டுக்கு தனியா நேரம் குறிச்சுதான் கூட்டிட்டுப் போவாங்க, கிளம்பறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க.

செங்கல் ரெண்டு கலரா இருக்கே, பின்னாடி ரிப்பேர் பண்ணதா?

இல்ல, ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான். சுவரோட பெரும்பகுதி பழுப்பு நிற செங்கல், லண்டன்ல ஸ்டாக் பிரிக்னு சொல்லுவாங்க, உள்ளூர் மண்ணுல சாம்பல் கலந்து சுட்டது, விலை கம்மி. ஜன்னலைச் சுத்தி மட்டும் சிவப்பு செங்கல், அது நல்லா சலிச்ச மண்ணுல செஞ்சது, விலை ஜாஸ்தி. அதனால எங்க கண்ணு போகுமோ அங்க மட்டும் சிவப்பு. புடவைக்கு பார்டர் வைக்கிற மாதிரின்னு எங்க சித்தி சொன்னாங்க, அதைவிட நல்லா என்னால சொல்ல முடியல.

சிவப்பு செங்கலை சும்மா அடுக்க மாட்டாங்க. அது மிருதுவா இருக்கறதால ஜன்னல் மேல இருக்குற வளைவுக்குத் தகுந்த மாதிரி ஆப்பு வடிவத்துல தேய்ச்சு உக்கார வைக்கலாம், நடுவுல சுண்ணாம்புக் கோடு ரொம்ப மெல்லிசா இருக்கும். கிட்டப் போய் அந்தக் கோட்டோட தடிமனையும் பக்கத்துல பழுப்பு செங்கல் நடுவுல இருக்குற கோட்டையும் ஒப்பிட்டுப் பாருங்க, வேலைக்காரங்க எதுல நேரம் செலவழிச்சாங்கன்னு தெரிஞ்சிடும்.

ஜன்னல் எல்லாம் ஏன் இவ்ளோ சின்னச் சின்னக் கண்ணாடியா இருக்கு?

பெரிய கண்ணாடி அப்போ கிடைக்காது, அதான். உருக்கின கண்ணாடியை ஊதி, சுத்தி, தட்டு மாதிரி ஆக்கி அதுலேர்ந்து துண்டு துண்டா வெட்டி எடுப்பாங்க, அதுக்கு மேல பெருசு வராது. அந்தத் துண்டுகளை மரக் கம்பிச் சட்டத்துல கோத்தா ஒரு ஜன்னல்.

இது சாஷ் ஜன்னல், கதவு மாதிரி வெளிய திறக்காது, மேலயும் கீழயும் நகரும். சட்டத்தோட ரெண்டு பக்கமும் மரப்பெட்டி, அதுக்குள்ள கயிறும் கப்பியும் எடைக்கல்லும் ஒளிஞ்சிருக்கும். எடை சரியா இருந்தா விரல்ல தள்ளினாலே ஜன்னல் ஏறும், வயசான கைக்கு ரொம்ப வசதி. 1714-ல இது நல்ல வசதியான வீடுகள்ல வைக்கிற ஜன்னல், அதை ஏழைங்களுக்கும் வச்சாங்கங்கறதை கவனிக்கணும்.

ஒரு டிப்ஸ்: லண்டன்ல எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் கண்ணாடிக்கு நடுவுல இருக்குற மரக்கம்பியைப் பாருங்க. தடிமனா இருந்தா 1700-களோட ஆரம்பம், நூறு வருஷம் போகப் போக அது மெலிஞ்சுக்கிட்டே வரும். மாத்தின ஜன்னல்னா ஏமாந்துடுவீங்க, ஆனா முதல் கணக்குக்கு உதவும்.

சிம்னி எண்ணிப் பாத்தேன், எண்ண முடியல. எதுக்கு இத்தனை?

முன்னாடி சொன்னேன் இல்லையா, ஒரு ரூம் ஒரு ஆள், ஆளுக்கு ஒரு அடுப்பு. அத்தனை அடுப்புக்கும் தனித்தனி புகைக்குழாய் வேணும், அதெல்லாம் சுவருக்குள்ளயே ஏறி கூரைக்கு மேல கொத்துக் கொத்தா செங்கல் தூணா வெளிய வருது. ஒரு ஆம்ஸ்ஹவுஸ்ல எத்தனை பேர் இருந்திருப்பாங்கன்னு கண்டுபிடிக்க கதவை எண்ணாதீங்க, புகைக்குழாயை எண்ணுங்க. வின்செஸ்டர் பக்கத்துல செயின்ட் கிராஸ்னு 1130-கள்ல ஆரம்பிச்ச பழைய இடம் ஒண்ணு, அங்க 15-ம் நூற்றாண்டுல கட்டின வீட்டு வரிசைல உசரமான சிம்னிகள் ஒரே இடைவெளில வரிசையா நிக்கும், அந்த முகப்போட அலங்காரமே அதுதான்.

நடுவுல ஏன் சேப்பல்? சாமி கும்பிட்டே ஆகணும்னு கட்டாயமா?

ஆமா, சேப்பல்ல ஜெபத்துக்கு வர்றது அவங்க கடமைகள்ல ஒண்ணு. சேப்பலை நடுவுல வச்சதுக்கு இன்னொரு காரணம் கட்டட அழகு: 14 வீடும் ஒரே மாதிரி, கண்ணுக்கு நிக்க ஒரு இடம் வேணும். அதனால நடுவுல முக்கோண முகடு, மேல மணிக்கூண்டு, கதவுக்கு மேல மாடத்துல ஜெஃப்ரியோட சிலை. பணம் குடுத்தவர் சாமிக்கு மேல நிக்கறார்னு எங்க அப்பா சொன்னார், பாக்கறதுக்கு அப்படித்தான் இருக்கு.

உள்ள போனா ஜெஃப்ரிக்கும் அவர் மனைவி பிரிஸில்லாவுக்கும் ஒரு நினைவுச் சின்னம் இருக்கும். அது முதல்ல இங்க இல்ல. லண்டன் சிட்டின்னு சொல்ற நகரத்தோட பழைய மையப் பகுதில செயின்ட் டயோனிஸ் பேக்சர்ச்னு ஒரு தேவாலயத்துல இருந்தது, 1878-ல அதை இடிச்சப்ப நினைவுச் சின்னத்தை சேப்பலுக்குக் கொண்டு வந்தாங்க, அவங்க எலும்புகளை இங்க இருக்குற சின்ன கல்லறைத் தோட்டத்துல அடக்கம் பண்ணாங்க.

ஆலிவர் ட்விஸ்ட் கதைல வர்ற வொர்க்ஹவுஸ் இதுதானா?

இல்லவே இல்ல. வொர்க்ஹவுஸ்னா ஏழைங்களைத் தங்க வச்சு வேலை வாங்குற இடம், அது அரசாங்க விவகாரம், 1834 ஏழைச் சட்டத்துக்கு அப்புறம் வேணும்னே கஷ்டமா வச்சாங்க, வேற வழியே இல்லாதவன் மட்டும்தான் உள்ள வரணும்னு. புருஷன் ஒரு பக்கம், பொண்டாட்டி ஒரு பக்கம், குழந்தை வேற பக்கம். கட்டடமும் அப்படித்தான், நடுவுல நின்னா எல்லா முற்றத்தையும் பாக்கற மாதிரி, உசரமான மதில்.

ஆம்ஸ்ஹவுஸுக்குள்ள வர்றதுக்கு அந்த வயசுல நல்ல பேரு வேணும், சிபாரிசு வேணும். ஒரு வீட்டு வரிசைல ஒவ்வொரு ஆளுக்கும் தனிக் கணப்பு இருந்தா அது ஆம்ஸ்ஹவுஸ் பக்கம். பெரிய ஹால்ல வரிசையா கட்டில் போட்டிருந்தா வொர்க்ஹவுஸ் பக்கம்னு மோட்டாவா சொல்லலாம். இதுக்கும் விதிவிலக்கு உண்டு, அடுத்த கேள்வியைப் பாருங்க.

இங்கிலாந்துல இருக்குற எல்லா ஆம்ஸ்ஹவுஸும் இதே டிசைன்தானா?

இல்ல, ஒரே நோக்கத்துக்கு நூறு உருவம். ரொம்பப் பழசு ஹால் மாதிரி இருக்கும். சிசெஸ்டர்ல செயின்ட் மேரிஸ் ஹாஸ்பிடல், 13-ம் நூற்றாண்டு கட்டடம், தரையைத் தொடற மாதிரி இறங்குற ஒரே ஒரு பெரிய கூரை. முதல்ல உள்ள திறந்த ஹால்ல படுக்கை, ஒரு கோடில சேப்பல், படுத்துக்கிட்டே பூசை பாக்கலாம். 17-ம் நூற்றாண்டுல அந்த ஹாலுக்குள்ளயே குட்டி குட்டி வீடு கட்டி சிம்னியை கூரை வழியா வெளிய விட்டாங்க, வீட்டுக்குள்ள வீடு. இன்னைக்கும் அங்க ஆளுங்க குடியிருக்காங்க.

ஆரம்பத்துல ஏழைங்களோட முக்கியமான வேலையே காசு குடுத்தவரோட ஆத்மாவுக்காக ஜெபம் பண்றது. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர்ல யூவெல்ம்னு ஒரு கிராமம், 1437-ல ஆரம்பிச்சது, செங்கல் வீடுகள் ஒரு முற்றத்தைச் சுத்தி, பக்கத்துலயே தேவாலயம், மடத்துக்குள்ள போற மாதிரியே இருக்கும். அப்புறம் மதச் சீர்திருத்தம் வந்து, 1547-ல ஆத்மாவுக்கு ஜெபம் பண்றதுக்காக இருந்த அறக்கட்டளைகளை சட்டம் போட்டு மூடினாங்க. அதுக்கப்புறம் கட்டினவங்களுக்கு ஜெபத்தைவிட பேரு முக்கியம், அதனால கட்டடம் மெதுவா முற்றத்துலேர்ந்து தெருவைப் பாத்து திரும்புச்சு. இதை எந்தச் சட்டமும் சொல்லல, வரிசையா பாத்துட்டு வந்தப்புறம் எனக்குத் தோணினது.

தெருவைப் பாத்து நிக்குறதுல ரெண்டு உதாரணம் சொல்றேன். சிப்பிங் கேம்டன்ல 1612-ல சர் பாப்டிஸ்ட் ஹிக்ஸ் கட்டின 12 வீடு, தேன் நிறத்துல காட்ஸ்வோல்ட் கல், ரோட்டுக்கு மேல உசரமான திண்ணை மேல வரிசையா நிக்கும். டெவன்ல மோர்ட்டன்ஹாம்ஸ்டெட், 1637-னு போட்டிருக்கும், கிரானைட் தூண் வரிசை, மேல வைக்கோல் கூரை. எந்த ஊர்ல என்ன கல்லு கிடைக்குதோ அதுலயே கட்டியிருக்காங்க, அதனால ஒரு ஊரோட மண்ணைத் தெரிஞ்சுக்க அங்க இருக்குற ஆம்ஸ்ஹவுஸைப் பாத்தா போதும்.

லண்டன்ல ஒரே நாள்ல இன்னொண்ணும் பாக்கணும்னா எது?

கண்ணை மூடிட்டு சொல்லுவேன், மைல் எண்ட் ரோட்ல ட்ரினிட்டி கிரீன். 1695-ல ட்ரினிட்டி ஹவுஸ்ங்கற மாலுமிகள் அமைப்பு கட்டினது, நொடிஞ்சு போன கப்பல் கேப்டன்களுக்கும் அவங்க விதவைகளுக்கும் 28 வீடு. நிலம் குடுத்தவரும் ஒரு கேப்டன்தான், ஹென்றி மட். இங்க ப வடிவம் இல்ல, ரெண்டு வரிசை எதிரும் புதிருமா நடுவுல புல்வெளியோட, கோடில படி ஏறிப் போற சேப்பல். ரோட்டுப் பக்கம் சுவர் உச்சில கல் கப்பல் பொம்மைகள் நிக்கும், இப்போ இருக்குறது நகல்.

1890-கள்ல இதை இடிச்சுடலாம்னு முடிவு பண்ணாங்க. சி. ஆர். ஆஷ்பிங்கற ஆர்கிடெக்ட் ஆள் சேர்த்துப் போராடி காப்பாத்தினார், அப்போ அளந்து வரைஞ்சு 1896-ல போட்ட பதிவுதான் லண்டனோட பழைய கட்டடங்களை எல்லாம் பதிவு பண்ற சர்வே ஆஃப் லண்டனுக்கு முதல் படி. இரண்டாம் உலகப் போர்ல குண்டு விழுந்து ஒரு பகுதி போச்சு. இப்போ மனுஷங்க குடியிருக்குற வீடுகள், அதனால வெளியேர்ந்து அமைதியா பாத்துட்டு வாங்க, ஜன்னல் கிட்டப் போய் போட்டோ எடுக்காதீங்க.

இவ்ளோ நல்லா கட்டிட்டு ஏன் காலி பண்ணிட்டுப் போனாங்க?

சுத்தி இருந்த வயல் எல்லாம் 200 வருஷத்துல காணாம போச்சு. 19-ம் நூற்றாண்டுல ஷோர்டிச் மரச்சாமான் தொழிலோட தலைநகரம், பட்டறை, புகை, நெரிசல். வயசானவங்களுக்கு ஏத்த இடம் இல்லைன்னு சங்கம் முடிவு பண்ணி, இடத்தை வித்துட்டு 1912-ல எல்லாரையும் தென்கிழக்குல இருக்குற மாட்டிங்ஹாம்ங்கற ஊர் பக்கம் புது வீடுகளுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

இடிச்சிருக்க வேண்டியது. நெரிசலான அந்த ஏரியால மூச்சு விடறதுக்கு இருந்த கொஞ்சூண்டு திறந்த வெளில இந்தத் தோட்டமும் ஒண்ணுங்கறதால அப்போ லண்டனை நிர்வாகம் பண்ண லண்டன் கவுண்டி கவுன்சில் 1911-ல வாங்கினது. அதாவது கட்டடத்தைக் காப்பாத்தினதுல பெரும் பங்கு அந்த மரங்களுக்கும் புல்லுக்கும் இருக்கு. ப வடிவத்துக்கு நடுவுல தோட்டம் விட்டாங்களே, அது 200 வருஷம் கழிச்சு கட்டடத்தையே காப்பாத்திடுச்சு. அப்புறம் சுத்தி இருந்த மரவேலைக்காரங்க பாத்துக் கத்துக்கட்டும்னு 1914-ல மரச்சாமான் மியூசியமா திறந்தாங்க, இன்னைக்கு அது பேரு மியூசியம் ஆஃப் தி ஹோம்.

அப்போ உள்ள இருக்குறது எல்லாம் ஒரிஜினல் இல்லையா?

வெளித்தோற்றம் பெரும்பாலும் ஒரிஜினல், உள்ள பெரும்பாலும் இல்ல. மியூசியம் ஆக்கினப்ப வீட்டுக்கு வீடு நடுவுல இருந்த சுவர்களைத் திறந்து நீளமா நடந்து போற மாதிரி ஆக்கிட்டாங்க. இப்போ நீங்க ஒரு கோடிலேர்ந்து இன்னொரு கோடிக்கு நடக்குறப்ப நிஜத்துல வீடு வீடா சுவரைத் தாண்டிப் போயிட்டிருக்கீங்க. அதனாலதான் 14-ம் நம்பரை இவ்ளோ அழுத்திச் சொன்னேன், பழைய அமைப்பு புரியணும்னா அங்கதான் போகணும்.

2021-ல திரும்பத் திறக்கறதுக்கு முன்னாடி கோடிக் கணக்குல செலவு பண்ணி தோண்டினாங்களாமே, பழமை கெட்டுப் போயிடலையா?

1.81 கோடி பவுண்டு. ரைட் அண்ட் ரைட் ஆர்கிடெக்ட்ஸ் பண்ண வேலை. கட்டடத்துக்கு மேல எதுவும் ஏத்தாம அடியில இருந்த பேஸ்மென்ட்டை ஆழமாக்கி அங்க கேலரி வச்சாங்க, காட்சி இடம் 80 சதவீதம் கூடுச்சு, முகப்புல ஒரு செங்கலும் மாறின மாதிரி தெரியாது. 300 வருஷ சுவருக்கு அடியில தோண்டறது பயமான வேலை, நல்லா பண்ணியிருக்காங்கன்னுதான் என் அபிப்ராயம். நிலக்கரியும் தட்டுமுட்டு சாமானும் கிடக்க வேண்டிய தளத்துல இப்போ மனுஷங்க நடமாடறாங்க.

இதுக்கு முன்னாடி வேற ஒரு திட்டம் இருந்தது, பின்பக்க மூலைல இருந்த மார்க்விஸ் ஆஃப் லேன்ஸ்டவுன்ங்கற பழைய பப்பை இடிச்சுட்டு புதுசா கட்டறதா. ஜனங்க எதிர்த்தாங்க, 2013-ல ஹாக்னி கவுன்சில் அனுமதி மறுத்துடுச்சு. இப்போ அந்த பப் கட்டடத்தையே சரி பண்ணி கஃபே ஆக்கியிருக்காங்க. ஒரு சாதாரண தெருமுனை பப், ஆனா அந்தத் தெருவோட பழைய முகம்னு மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான், காப்பாத்தினது சரி.

அந்தச் சிலையை எடுக்கணும்னு சண்டை நடந்துச்சே, என்ன விஷயம்?

ஜெஃப்ரி காசு போட்டிருந்த இடங்கள்ல ராயல் ஆஃப்ரிக்கன் கம்பெனியும் ஒண்ணு, ஆப்பிரிக்க மக்களை அடிமையா பிடிச்சு வித்த கம்பெனி. அடிமை வியாபாரத்துல இருந்த ஒரு கப்பல்லயும் அவருக்குப் பங்கு இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிலயும் முதலீடு, ஆமா, மெட்ராஸ்ல செயின்ட் ஜார்ஜ் கோட்டை கட்டின அதே கம்பெனிதான். 2020-ல மியூசியம் மக்கள்கிட்ட கருத்து கேட்டுச்சு, பதில் சொன்னவங்கள்ல பெரும்பாலானவங்க எடுக்கணும்னு சொன்னாங்க, அரசாங்கத்துலேர்ந்து எடுக்கக் கூடாதுன்னு அழுத்தம் வந்தது, நிர்வாகம் எடுக்கல. அதுக்கப்புறமும் பேச்சு ஓயல.

கட்டடப் பக்கத்துலேர்ந்து ஒரு தகவல்: மாடத்துல நிக்குறது ஒரிஜினல் இல்ல. ஜான் நோஸ்ட் ஈயத்துல செஞ்ச பழைய சிலையை இடம் மாறினப்ப கூடவே எடுத்துட்டுப் போயிட்டாங்க, இது நகல். என் கருத்தைக் கேட்டா, கீழ இறக்கி பக்கத்துலயே கண் மட்டத்துல வச்சு முழுக் கதையையும் எழுதி வைக்கலாம். மாடம் காலியா இருந்தா முகப்பு கெட்டுடும்னு சொல்றாங்க, காலி மாடம் எத்தனையோ கட்டடத்துல இருக்கு. இந்த ஏழைங்களுக்குக் கிடைச்ச ரூம்ல வேற யாரோ ஏழைங்களோட ரத்தம் இருக்குங்கறதைச் சொல்லாம இந்தக் கட்டடத்தோட அழகை மட்டும் என்னால காட்ட முடியல, கூட்டிட்டுப் போற ஒவ்வொருத்தர்கிட்டயும் அந்த மாடத்துக்குக் கீழ நின்னு இதைச் சொல்லிடுவேன்.

இந்த மாதிரி வீட்ல இன்னும் ஆளுங்க இருக்காங்களா? எங்க மாமி கூட அப்ளை பண்ணலாமா?

இருக்காங்க. இந்த நாட்ல 30,000-க்கும் மேல ஆளுங்க ஆம்ஸ்ஹவுஸ்ல குடியிருக்காங்க. ஜெஃப்ரியோட அறக்கட்டளையும் இன்னும் நடக்குது, கட்டடம்தான் கை மாறினது. அப்ளை பண்ணலாம், ஆனா ஒவ்வொரு அறக்கட்டளைக்கும் தனித்தனி விதி, அந்த ஊர்ல இத்தனை வருஷம் இருந்திருக்கணும், இன்ன வயசு, இன்ன வருமானம்னு இருக்கும். முக்கியமா தெரிஞ்சுக்க வேண்டியது, அங்க நீங்க சட்டப்படி வாடகைக்காரர் இல்ல. வாரா வாரம் பராமரிப்புக்குன்னு ஒரு தொகை குடுப்பீங்க, அதுக்குப் பேரு வாடகை இல்ல, வாடகைக்காரருக்கு இருக்குற சில பாதுகாப்பும் கிடையாது. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இதை நல்லா படிச்சுக்கோங்க.

ஊர் சுத்தறப்ப ஒரு வரிசை வீட்டைப் பாத்தா இது ஆம்ஸ்ஹவுஸா சாதா வீடான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதல்ல நடுவைப் பாருங்க. சாதா வரிசை வீட்ல நடுவுக்குன்னு தனி மரியாதை அவ்வளவா இருக்காது, ஆம்ஸ்ஹவுஸ்ல நடுவுல ஒரு முகடோ மணியோ சேப்பலோ வளைவு வாசலோ பெரும்பாலும் இருக்கும். அப்புறம் கதவுகள், நெருக்கமா, சின்னதா, ஒரே மாதிரி. அப்புறம் முன்னாடி சொன்ன புகைக்குழாய் கணக்கு. கடைசியா நடுவுல ஒரு கல்வெட்டு பதிச்சிருப்பாங்க, யாரு குடுத்தது, எந்த வருஷம், எத்தனை ஏழைங்களுக்குன்னு. எழுத்து தேஞ்சு போயிருந்தா சாயங்காலம் சாய்வா வெயில் அடிக்கிற நேரத்துல திரும்பப் போங்க, நிழல் விழுந்து எழுத்து தெரியும்.